சூரை வெண்ணெய்ப்பழ ராப்

சூரை வெண்ணெய்ப்பழ ராப் என்பது, டின்னில் அடைத்த சூரை மீனையும் மசித்த வெண்ணெய்ப்பழத்தையும் கலந்து, மெல்லிய ரொட்டியில் வைத்துச் சுருட்டிச் செய்யப்படும் ஒரு குளிர்ந்த உணவு ஆகும். இது ஐக்கிய அமெரிக்காவில் மதிய உணவாக உண்ணப்படுகின்றது. சூரை ஏற்கெனவே வெந்த நிலையில் டின்னில் கிடைப்பதாலும், வெண்ணெய்ப்பழத்தைப் பச்சையாகவே உண்ணலாம் என்பதாலும், ரொட்டியைச் சூடாக்குவதைத் தவிர இதற்கு அடுப்பு தேவையில்லை. பத்து முதல் பதினைந்து நிமிடங்களில் இதைச் செய்து முடிக்கலாம்.

இவ்வுணவு விரைவானது, உடல்நலத்துக்கு உகந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றது. முதலாவது கூற்றில் ஐயமில்லை. இரண்டாவது கூற்று, எந்த வகைச் சூரை பயன்படுத்தப்படுகின்றது, யார் உண்கின்றார், வாரத்துக்கு எத்தனை முறை உண்கின்றார் என்பவற்றைப் பொறுத்தே பொருந்தும்.

பெயர்

ராப் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சுற்றுதல், பொதிதல் என்று பொருள். பூரணத்தை ரொட்டிக்குள் பொதிந்து சுருட்டுவதால் இப்பெயர் ஏற்பட்டது. வெண்ணெய்ப்பழம் தமிழில் ஆனைக்கொய்யா என்றும் அழைக்கப்படும். இந்தியச் சந்தைகளில் பட்டர் புரூட் என்ற பெயரும் வழங்குகின்றது. ஆங்கிலப் பெயரான அவகாடோ, மெக்சிக்கோவின் நாவாட்டில் மொழிச் சொல்லான ஆவாகாட்டில் என்பதிலிருந்து எசுப்பானியம் வழியாக வந்தது.

தோற்றம்

இவ்வுணவின் மூன்று முதன்மைக் கூறுகளும் வெவ்வேறு காலங்களில் அமெரிக்கச் சமையலறைக்கு வந்து சேர்ந்தவை.

சூரை: 1903 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சான் பெட்ரோ துறைமுகத்தில் சார்டின் மீன் வரத்துக் குறைந்தபோது, மீன் பதனிடும் தொழில் செய்த ஆல்பர்ட் ஹாஃப்ஹில் அதற்கு மாற்றாக ஆல்பகோர் என்னும் சூரை வகையை டின்னில் அடைத்தார். ஆவியில் வேகவைத்தபோது இம்மீனின் சதை வெளுத்து, கோழி இறைச்சியைப் போலத் தோன்றியது. மலிவானதும் நீண்ட நாள் கெடாததுமான புரத உணவாக இது விரைவில் நாடெங்கும் பரவியது. நசுக்கிய சூரையை மயோனைசுடன் கலந்து ரொட்டித் துண்டுகளுக்கு இடையே வைத்து உண்ணும் வழக்கமும் இதையொட்டியே வளர்ந்தது.

வெண்ணெய்ப்பழம்: மெக்சிக்கோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் பல வகைகள் கலிபோர்னியாவில் பயிரிடப்பட்டன. அங்குள்ள லா ஹாப்ரா ஹைட்சில் ருடால்ஃப் ஹாஸ் என்னும் அஞ்சல்காரர் 1920களில் நட்ட ஒரு மரத்திலிருந்து தோன்றியதே இன்று உலகில் மிகுதியாக விற்பனையாகும் ஹாஸ் வகை ஆகும். அதற்கு அவர் 1935 இல் காப்புரிமை பெற்றார். அத்தாய்மரம் 2002 இல் வேரழுகல் நோயால் பட்டுப்போனது. பூச்சிகள் பரவும் என்ற காரணத்தால் 1914 இல் மெக்சிக்கோ வெண்ணெய்ப்பழத்தின் இறக்குமதிக்கு ஐக்கிய அமெரிக்கா விதித்த தடை, 1997 முதல் படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. அதன் பின்னர் இப்பழம் ஆண்டு முழுவதும் எளிதாகக் கிடைக்கலாயிற்று.

ரொட்டி: சுருட்டுவதற்குப் பயன்படும் கோதுமை டோர்ட்டியா வட மெக்சிக்கோவைச் சேர்ந்தது. கோதுமையை அங்குக் கொண்டுவந்தவர்கள் எசுப்பானியர்கள். புரிட்டோவைப் போல டோர்ட்டியாவைச் சுருட்டி, மெக்சிக்கோ உணவல்லாத பூரணங்களையும் அதில் இடும் வழக்கம் 1990களில் ஐக்கிய அமெரிக்காவில் பெரிதும் பரவி, ராப் என்ற பெயரைப் பெற்றது.

தேவையான பொருட்கள்

பின்வரும் அளவு இரண்டு ராப்புகளுக்கு உரியது.

- டின் சூரை, நீரில் அடைத்தது: 1 டின் (மொத்தம் 142 கிராம், நீரை வடித்தபின் சுமார் 113 கிராம்)
- பழுத்த வெண்ணெய்ப்பழம்: நடுத்தர அளவில் 1 (சதை சுமார் 140 கிராம்)
- எலுமிச்சைச் சாறு: 1 மேசைக்கரண்டி
- பொடியாக நறுக்கிய வெங்காயம்: 2 மேசைக்கரண்டி
- பொடியாக நறுக்கிய செலரித் தண்டு அல்லது வெள்ளரிக்காய்: 2 மேசைக்கரண்டி
- கொத்தமல்லித் தழை, மிளகுத் தூள்: சிறிதளவு
- லெட்டூஸ் இலை: 4
- கோதுமை டோர்ட்டியா, சுமார் 20 செ.மீ. குறுக்களவு: 2

டின் சூரையில் பெரும்பாலும் உப்புச் சேர்க்கப்பட்டிருக்கும். டோர்ட்டியாவிலும் உப்பு உண்டு. எனவே பூரணத்தைச் சுவைத்துப் பார்த்த பின்னரே, தேவையானால், உப்புச் சேர்க்க வேண்டும்.

வெண்ணெய்ப்பழத்தைத் தெரிவு செய்தல்

வெண்ணெய்ப்பழம் மரத்தில் இருக்கும்வரை பழுப்பதில்லை. பறித்த பின்னரே பழுக்கும். காயாக வாங்கியதை அறை வெப்பநிலையில் வைத்தால் சில நாட்களில் பழுத்துவிடும். வாழைப்பழத்துடன் சேர்த்துக் காகிதப் பையில் இட்டு வைத்தால், வாழைப்பழம் வெளியிடும் எத்திலீன் வளிமம் அப்பையில் தேங்கி, பழுப்பதை விரைவுபடுத்தும். ஹாஸ் வகையின் தோல் பழுக்கும்போது பச்சையிலிருந்து கருமை கலந்த ஊதாவாக மாறும். மற்றப் பல வகைகள் பழுத்தபின்னும் பச்சையாகவே இருப்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் உள்ளங்கையில் வைத்து மெதுவாக அழுத்திப் பார்ப்பது நன்று. பழுத்த பழம் சற்றே இளகும்.

செய்முறை

1. டின்னைத் திறந்து, மூடியைக் கொண்டே மீனை அழுத்தி நீரை முழுவதும் வடிக்க வேண்டும். நீர் எஞ்சியிருந்தால் ரொட்டி ஊறிப் பிய்ந்துவிடும். வடிக்கும்போது உப்பும் ஓரளவு வெளியேறும்.

2. வெண்ணெய்ப்பழத்தை வெட்டும் முன் தோலை நீரில் கழுவ வேண்டும். தோலில் உள்ள நுண்ணுயிர்கள் கத்தியின் வழியே சதைக்குச் செல்லக்கூடும். பழத்தைப் பலகையில் வைத்து நீளவாக்கில் சுற்றி வெட்டி, இரு பாதிகளையும் திருகிப் பிரிக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு கொட்டையைக் கத்தியால் குத்தி எடுப்பதால் உள்ளங்கையில் ஆழமான வெட்டுக்காயங்கள் ஏற்படுகின்றன. கொட்டையைக் கரண்டியால் நெம்பி எடுப்பதே பாதுகாப்பானது.

3. சதையை வழித்து எடுத்து, எலுமிச்சைச் சாறு சேர்த்து, முட்கரண்டியால் ஓரளவு கட்டிகள் எஞ்சுமாறு மசிக்க வேண்டும்.

4. சூரையை உதிர்த்து இதனுடன் சேர்த்து, வெங்காயம், செலரி, கொத்தமல்லித் தழை, மிளகுத் தூள் ஆகியவற்றையும் இட்டுக் கலக்க வேண்டும்.

5. எண்ணெய் இடாத சூடான கல்லில் டோர்ட்டியாவைப் பக்கத்துக்குச் சுமார் 15 நொடிகள் சூடாக்க வேண்டும். குளிர்ந்த டோர்ட்டியா மடிக்கும்போது வெடிக்கும். நெடுநேரம் சூடாக்கினால் காய்ந்து மொறுமொறுப்பாகும்.

6. டோர்ட்டியாவின் மேல் முதலில் லெட்டூஸ் இலைகளைப் பரப்பி, அவற்றின் மேல் பூரணத்தில் பாதியை வைக்க வேண்டும். இலை, பூரணத்தின் ஈரம் ரொட்டிக்குச் செல்லாமல் தடுக்கும். ஓரங்களில் சுமார் 3 செ.மீ. இடம் விட வேண்டும்.

7. இடப்பக்க, வலப்பக்க ஓரங்களை உள்நோக்கி மடித்து, கீழ்ப்பக்கத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். மடிப்பு அடியில் இருக்குமாறு வைத்து, சாய்வாக இரண்டாக வெட்டிப் பரிமாறலாம்.

எலுமிச்சைச் சாறு சேர்ப்பதன் காரணம்

வெட்டிய வெண்ணெய்ப்பழம் காற்றுப் பட்டதும் பழுப்பாகும். பழத்திலுள்ள பாலிபீனால் ஆக்சிடேசு என்னும் நொதி, ஆக்சிசனின் முன்னிலையில் பீனால் சேர்மங்களை மாற்றிப் பழுப்பு நிறமிகள் உருவாக வழிசெய்வதே இதற்குக் காரணம். எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை இந்நொதியின் செயற்பாட்டை மந்தமாக்குகின்றது. ஆனால் முற்றாக நிறுத்துவதில்லை. எனவே பூரணத்தை நெடுநேரம் வைக்க வேண்டியிருந்தால், அதன் மேற்பரப்பில் ஒட்டுமாறு நெகிழித் தாளால் மூடிக் காற்றுப் படாமல் செய்வது வழக்கம்.

ஊட்டச்சத்து

மேற்கண்ட அளவில் செய்யப்படும் ஒரு ராப்பில் ஏறத்தாழ 320 கிலோகலோரி ஆற்றல், 17 முதல் 19 கிராம் வரை புரதம், 6 கிராம் அளவு நார்ச்சத்து ஆகியன இருக்கும். நார்ச்சத்தின் பெரும்பகுதி வெண்ணெய்ப்பழத்திலிருந்தும், புரதத்தின் பெரும்பகுதி சூரையிலிருந்தும் கிடைக்கின்றன. சூரையில் செலீனியம், உயிர்ச்சத்து பி12, ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் ஆகியனவும் உள்ளன.

மயோனைசுக்குப் பதிலாக வெண்ணெய்ப்பழத்தைச் சேர்ப்பதால் உணவின் ஆற்றல் அளவு குறைந்துவிடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. ஒரு மேசைக்கரண்டி மயோனைசில் சுமார் 95 கிலோகலோரியும் 10 கிராம் கொழுப்பும் உள்ளன. அரை வெண்ணெய்ப்பழத்தில் (70 கிராம்) சுமார் 110 கிலோகலோரியும் 10 கிராம் கொழுப்பும் உள்ளன. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு உடன் கிடைப்பவற்றில் உள்ளது. அரை வெண்ணெய்ப்பழத்தில் 4 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் 300 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியமும் உண்டு. மயோனைசில் நார்ச்சத்து இல்லை. வெண்ணெய்ப்பழக் கொழுப்பின் பெரும்பகுதி ஒலெயிக் அமிலம் என்னும் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு அமிலம் ஆகும்.

அதுபோலவே, மெல்லியதாகத் தோன்றினாலும் டோர்ட்டியா பாண் துண்டுகளைவிட இலேசான உணவு என்று கொள்ள இயலாது. கடைகளில் ராப்புக்குப் பயன்படும் 25 செ.மீ. அல்லது அதைவிடப் பெரிய டோர்ட்டியா ஒன்றில் 200 கிலோகலோரிக்கு மேல் இருக்கும்.

பாதரசம்

கடல் நீரில் உள்ள பாதரசம் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாற்றப்பட்டு, உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்லச் செறிவடைகின்றது. சூரை பிற மீன்களை வேட்டையாடும் மீனாதலால் அதன் சதையில் இது சேர்கின்றது. மெத்தில் பாதரசம் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது. வளரும் கருவுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இதனால் ஏற்படும் தீங்கு மிகுதி. சமைப்பதாலோ, நீரை வடிப்பதாலோ இதை நீக்க இயலாது.

எல்லாச் சூரை வகைகளிலும் இதன் அளவு ஒன்றல்ல. ஐக்கிய அமெரிக்காவில் டின் சூரை இரு வகைகளாக விற்கப்படுகின்றது. லைட் எனப்படுவது பெரும்பாலும் ஸ்கிப்ஜாக் என்னும் சிறிய, விரைவாக வளரும் வகையாகும். ஒயிட் எனப்படுவது ஆல்பகோர் மட்டுமே. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அளவீடுகளின்படி, டின்னில் அடைத்த லைட் சூரையில் பாதரசத்தின் சராசரி மில்லியனில் 0.126 பங்கு, டின்னில் அடைத்த ஆல்பகோரில் 0.350 பங்கு. அதாவது ஆல்பகோரில் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதே வேளையில், ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களும் ஆல்பகோரிலேயே பொதுவாக மிகுதி. ஆகவே கூடிய ஒமேகா-3 வேண்டி ஆல்பகோரைத் தெரிவு செய்பவர், கூடிய பாதரசத்தையும் சேர்த்தே உட்கொள்கின்றார்.

மேற்படி நிர்வாகமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும், கருவுற்றவர்கள், கருவுறக்கூடியவர்கள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள் ஆகியோருக்காக அறிவுரை வெளியிட்டுள்ளன. அதன்படி, வளர்ந்தவருக்கு ஒரு பங்கு என்பது 113 கிராம் ஆகும். லைட் சூரை, வாரத்துக்கு 2 முதல் 3 பங்கு வரை உண்ணத்தக்க மீன்களின் பட்டியலில் உள்ளது. ஆல்பகோர், வாரத்துக்கு 1 பங்கு மட்டும் உண்ணத்தக்க பட்டியலில் உள்ளது. பெருங்கண் சூரையைத் தவிர்க்குமாறு கூறப்பட்டுள்ளது. இவ்வரம்புகள் ஒரு வாரத்தில் உண்ணும் எல்லா மீன்களுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுபவை.

மேலே உள்ள செய்முறையில் ஒரு ராப்பில் அரைப் பங்கு சூரை உள்ளது. எனவே வேறு மீன் உண்ணாத ஒரு கருவுற்ற பெண், லைட் சூரையைக் கொண்டு வாரத்துக்கு 4 முதல் 6 ராப்புகள் வரை உண்ணலாம். அதே உணவை ஆல்பகோரைக் கொண்டு செய்தால் இரண்டுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கான பங்கு இன்னும் சிறியது. 4 முதல் 7 வயது வரை உள்ள குழந்தைக்கு ஒரு பங்கு சுமார் 57 கிராம், அதாவது ஒரு ராப். லைட் சூரையில் வாரத்துக்கு இரண்டு பங்கு.

உணவுப் பாதுகாப்பு

திறக்கப்படாத டின் சூரை, உயர் வெப்பத்தில் நுண்ணுயிர் நீக்கப்பட்டது ஆதலால் அறை வெப்பநிலையில் நெடுநாள் கெடாது. உப்பிய, கசியும், அல்லது மடிப்புகளில் ஆழமாக நசுங்கிய டின்களைச் சுவைத்தும் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். இவற்றில் பொட்டுலினம் என்னும் நச்சு உருவாகியிருக்கக் கூடும்.

டின் திறக்கப்பட்டதும் சூரை சமைத்த மீனைப் போன்றதே. மீதியை மூடியுள்ள வேறு பாத்திரத்துக்கு மாற்றி, 4° செல்சியசு அல்லது அதற்குக் கீழான வெப்பநிலையில் வைத்து, 3 முதல் 4 நாட்களுக்குள் உண்ண வேண்டும். செய்த ராப்பை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. சுற்றுப்புற வெப்பநிலை 32° செல்சியசுக்கு மேற்பட்டால் 1 மணி நேரம் மட்டுமே. மதிய உணவாக எடுத்துச் செல்லும்போது பனிக்கட்டிப் பொதியுடன் வைப்பது இதனாலேயே.

சூரையால் ஏற்படக்கூடிய மற்றோர் இடர் ஹிஸ்டமின் நச்சேற்றம் ஆகும். மீன் குளிரூட்டப்படாமல் இருக்கும்போது, அதிலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஹிஸ்டமின் உருவானபின் மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு, படபடப்பு ஆகியன உண்ட சிறிது நேரத்திலேயே தோன்றும். ஒவ்வாமை போலத் தோன்றினாலும் இது கெட்டுப்போன மீனால் ஏற்படுவது.

உண்மையான ஒவ்வாமையும் கருதத்தக்கது. மீன், கோதுமை இரண்டும் பலருக்கு ஒவ்வாமை தருபவை. இயற்கை ரப்பர்ப் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு வெண்ணெய்ப்பழமும் ஒத்துக்கொள்வதில்லை.

வேறுபாடுகள்

வெண்ணெய்ப்பழத்தின் அளவைப் பாதியாக்கி, கெட்டித் தயிர் சேர்ப்பதன் மூலம் கொழுப்பைக் குறைக்கலாம். கோதுமை மாவு டோர்ட்டியாவுக்குப் பதிலாக முழுக் கோதுமை டோர்ட்டியாவையோ சப்பாத்தியையோ பயன்படுத்தினால் நார்ச்சத்துக் கூடும். கோதுமை ஒவ்வாதவர்கள் பெரிய லெட்டூஸ் இலையையே உறையாகக் கொள்வதுண்டு. மீன் உண்ணாதவர்கள் சூரைக்கு ஈடாக, வேகவைத்து ஓரளவு மசித்த கொண்டைக்கடலையைச் சேர்க்கின்றனர்.

இவற்றையும் பார்க்க

- சூரை
- வெண்ணெய்ப்பழம்
- டோர்ட்டியா
- புரிட்டோ
- மெத்தில் பாதரசம்