வினாவும் துப்பும்: வினாடி வினா வளர்ந்த வரலாறு

வினாடி வினா என்றவுடன் அது மனப்பாடக்காரரின் விளையாட்டு என்று எண்ணுவோர் நம்மிற் பலர். தலைநகரங்களையும் ஆண்டுகளையும் உருப்போட்ட பிள்ளையே பரிசு பெறுவான் என்பது அவர்தம் துணிபு. இவ்விளையாட்டின் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கின், அது பாதியே உண்மை என்பது புலனாகும். வினாவினுள் மறைந்து கிடக்கும் துப்பைக் கொண்டு விடையை வருவித்தலும், எப்பொழுது வாய் திறப்பது, எப்பொழுது வாளாவிருப்பது என முடிவு செய்தலும் மற்றைப் பாதியாகும்.

தமிழர்க்கு இவ்விரு பாதியும் புதியன அல்ல. விடுகதையைத் தொல்காப்பியம் ‘பிசி’ என்னும் பெயரால் குறிக்கிறது. விடுகதை போடுபவர் விடையை மறைப்பவர்; அதற்கு வழி காட்டுபவரும் அவரே. நினைவாற்றலுக்கோ அவதானக் கலை இருந்தது. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செய்திகளை ஒருங்கே உளங்கொண்டு விடையளித்துச் சதாவதானி எனப் புகழ் பெற்றார். அவதானம் அரிய கலையே. ஆயினும் அது ஒரு சிலர்க்கே வாய்க்கும். பிசியோ திண்ணையில் அமர்ந்த எவர்க்கும் உரியது.

மேனாட்டில் இவ்விளையாட்டு தொலைக்காட்சியில் ஏறியபொழுது பெரும் பழியும் உடன் ஏறிற்று. அமெரிக்காவில் ‘ட்வென்டி ஒன்’ என்னும் நிகழ்ச்சியில் சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் வாரந்தோறும் வென்று நாடெங்கும் புகழ் பெற்றார். அவர்க்கு விடைகள் முன்கூட்டியே சொல்லித் தரப்பட்டன என்பதை அவரே 1959-ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். மக்கள் நம்பிக்கை தகர்ந்தது. ‘விடையைக் கொடுத்ததுதானே குற்றம்? விடையையே வெளிப்படையாகக் கொடுத்து, வினாவைக் கேட்டால் என்ன?’ என்னும் கருத்தை மெர்வ் கிரிஃபினுக்கு அவர் மனைவி கூறினாராம். அவ்வாறு பிறந்ததே 1964-இல் தொடங்கிய ‘ஜெப்பர்டி’. அங்கே அறிவிப்பாளர் தருவது துப்பு. போட்டியாளர் அதற்குரிய வினாவைச் சொல்லவேண்டும். துப்பு வாசித்து முடியுமுன் பொத்தானை அழுத்தினால் கால் விநாடி அது செயலற்றுப் போகும். பதற்றக்காரர்க்கு இதுவே தண்டனை. எல்லாரும் எளிய, மதிப்புக் குறைந்த கட்டங்களிலிருந்து தொடங்குவதே வழக்கமாயிருக்க, 2019-இல் ஜேம்ஸ் ஹோல்சாவர் என்பவர் உயர்ந்த மதிப்புள்ள கட்டங்களில் முதலிற் கைவைத்தார். அவ்வாறு திரட்டிய தொகையைப் பந்தயக் கட்டம் கிடைத்தபொழுது துணிந்து வைத்து, 32 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றார்.

நிற்க. நம் நாட்டுக்கு வருவோம். 1967-இல் கல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் பொதுவான வினாடி வினாப் போட்டியைத் தொடங்கி வைத்தார். 1972-இல் தொடங்கிய போர்ன்விடா போட்டி வானொலி வழியே வீடுதோறும் புகுந்தது. 1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய ‘க்விஸ் டைம்’ கல்லூரி மாணவர்களைத் திரைக்குக் கொண்டு வந்தது.

நம் பெங்களூரின் பங்கு இவற்றிற் குறைந்ததன்று. 1983-ஆம் ஆண்டில் விங் கமாண்டர் ஜி. ஆர். முல்கி முதலியோர் முயற்சியால் கர்நாடகா க்விஸ் அசோசியேஷன் தோன்றியது. இந்நகரத்து மன்றங்களில் இரண்டு சீர்திருத்தங்கள் வேரூன்றின. ஒன்று வினாவின் அமைப்பைப் பற்றியது. மற்றொன்று நீதியைப் பற்றியது.

வினாவின் அமைப்புக்கு நம்மவர் அறிந்த செய்தியையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். ‘முதன்முதல் மின்சாரம் பெற்ற மைசூர்ச் சீமை ஊர் எது?’ என்று கேட்டால் அது மனப்பாட வினா. தெரிந்தவன் சொல்வான், தெரியாதவன் விழிப்பான். அதையே இவ்வாறு கேட்போம்: ‘சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் 1902-இல் 90 மைலுக்கு மேற்பட்ட தொலைவு கம்பி வழியே சென்றது. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததோ 1905-இல்தான். தலைமை நகரையும் முந்திக்கொண்ட அவ்வூர் எது?’ இப்பொழுது அறியாதவனும் எண்ணத் தொடங்குவான். அத்துணைத் தொலைவு கம்பி இழுக்கும் செலவைத் தாங்கவல்லவர் யார்? இரவும் பகலும் பொறிகளை ஓட்டவேண்டிய தேவை யாருக்கு? ஆழத்திலிருந்து நீரிறைக்கவும் பாறை பொடிக்கவும் வேண்டியவர் யார்? கோலார் தங்கவயல் என்னும் விடை தானே வந்து நிற்கும். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து அச்சுரங்கத்தில் இறங்கியோரின் பேரப்பிள்ளைகள் நம் காலனிகளில் எத்தனை பேர்! 2001-இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே இவ்வினாவின் விடை இருக்கிறது.

இனி நீதி. பழைய முறையில் முதற் குழு அறியாத வினா இரண்டாம் குழுவுக்குத் தள்ளப்படும். அடுத்த நேர்வினாவும் அவ்விரண்டாம் குழுவுக்கே. ஆகவே வலிமை குன்றிய குழுவுக்கு அடுத்த இருக்கை கிடைத்தவர் பாடு கொண்டாட்டம். வலிமை மிக்க குழுவுக்கு அடுத்து அமர்ந்தவர்க்கு எச்சமும் கிட்டாது. அறிவுப் போட்டியின் முடிவை நாற்காலி தீர்மானிப்பது முறையோ? இதற்கு மாற்றாக வந்ததே ‘பவுன்ஸ்’ முறை. எக்குழு விடை சொல்லிற்றோ அதற்கு அடுத்த குழுவிடமிருந்தே அடுத்த வினா புறப்படும். பாதி ஆட்டத்தில் திசையையும் மாற்றுவர். முறை வருமுன்னரே விடையை எழுதிக் கொடுத்துப் பாயும் உரிமையும் பின்னர் வந்தது. சரியாயின் மதிப்பெண், தவறாயின் கழிவு. அதற்கும் ஆங்கிலத்தில் வேறொரு சொல் உண்டு. தமிழெழுத்தில் இரண்டும் ‘பவுன்ஸ்’ என்றே வருவது வேடிக்கை! ஐயுறவு சிறிதிருப்பினும் பாய்வதா, முறை வரும்வரை பொறுப்பதா என்பதே அங்கே போட்டியாளரின் பெருஞ்சிக்கல்.

2000-ஆம் ஆண்டு ஜூலையில் அமிதாப் பச்சன் நடத்திய ‘கோன் பனேகா குரோர்பதி’ வந்தது. அதே காலத்தில் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ நடத்தினார். 2012-இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யாவும், கன்னடத்தில் புனீத் ராஜ்குமாரும் அவ்வகை நிகழ்ச்சிகளை நடத்தினர். இங்கே அறிவோடு கணக்கும் வேண்டும். இந்தியில் வந்த முதல் தொடரில் பத்தாவது வினாவின் 3,20,000 ரூபாய் உறுதித் தொகை. எனவே பதினொன்றாம் வினாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எதைச் சொன்னாலும் இழப்பில்லை; அங்கே விலகுவது வீண். ஆனால் 12,50,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு 25,00,000-க்கான வினாவை எதிர்நோக்குபவர் நிலை வேறு. இரண்டு விடைகளே எஞ்சின என்று கொள்வோம். சராசரிக் கணக்கில் துணிவதன் மதிப்பு 14,10,000 ரூபாய். கணக்கு ‘துணிக’ என்கிறது. தவறினாலோ 9,30,000 ரூபாய் போயிற்று. மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது பெண்ணின் கலியாணம், பிள்ளையின் படிப்பு, அல்லது தலைக்கு மேல் ஒரு கூரை. ஆதலின் அங்கே விலகியவரைக் கோழை என்று நகைப்போரோடு நான் உடன்படேன். ஆயிரம் முறை ஆடுபவர்க்குச் சராசரி பொருந்தும். அவர் ஆடுவதோ வாழ்நாளில் ஒரே முறை.

2019-இன் இறுதியில் கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சியில் ராதிகா சரத்குமார் பெண்களுக்கென்றே ‘கோடீஸ்வரி’ நிகழ்ச்சியைத் தொடங்கினார். 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் அதில் ஒரு கோடி ரூபாயை வென்றவர் மதுரையைச் சேர்ந்த ஒரு பெண்மணி; பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேச இயலாதவர். பதினைந்து வினாக்களையும் அவர் கடந்தார்.