திடீர்ச் சிசு மரணம்: காரணத் தேடலின் வரலாறு

முன்னுரை

நலமாக இருந்த குழந்தை உறக்கத்தில் இறந்துவிடுவதும், உடற்கூறாய்விலும் காரணம் புலப்படாமையும் மருத்துவ வரலாற்றின் நெடுங்கால வினாக்களுள் ஒன்றாகும். ஒரு வயதிற்குள் நிகழும் இத்தகு இறப்பு, 1969இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் ‘திடீர்ச் சிசு மரண நோய்த்தொகுதி’ என வரையறுக்கப்பெற்றது. மேலைநாடுகளில் இதற்குக் கற்பிக்கப்பட்ட காரணங்களையும் அவற்றின் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தாயின்மேல் பழி

விவிலியத்தின் அரசர்கள் முதல் நூலில், சாலமோன் மன்னன்முன் வழக்குரைத்த இரு பெண்களுள் ஒருத்தியின் குழந்தை, தாய் இரவில் அதன்மேல் புரண்டு படுத்தமையால் இறந்ததாகக் கூறப்படுகிறது. இக்கருத்தே பல நூற்றாண்டுகள் நிலைத்தது. இடைக்கால ஐரோப்பியத் திருச்சபை இதனைப் பாவமாகக் கருதிக் கழுவாய் விதித்தது. 1892இல் இசுக்காட்லாந்தின் டண்டீ நகரக் காவல்துறை மருத்துவர் சார்லசு டெம்பிள்மன் 258 சிசு இறப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தார். தாயரின் அறியாமை, கவனமின்மை, குடிப்பழக்கம், வீட்டின் இட நெருக்கடி ஆகியவற்றைக் காரணங்களாகச் சுட்டினார். இவற்றுள் இறுதியானது நீங்கலாக ஏனையவை பெற்றோரின், சிறப்பாகத் தாயின், ஒழுக்கத்தையே குறித்தல் கருதத்தக்கது.

இல்லாத நோய்

19ஆம் நூற்றாண்டில் மற்றொரு விளக்கமும் தோன்றியது. மார்பிலுள்ள தைமசு சுரப்பி பெருத்து மூச்சுக்குழலை நெரிப்பதால் இறப்பு நேர்கிறது என 1830இல் செருமானிய மருத்துவர் கோப் கருதினார். அக்காலத்தில் பெரும்பாலும் நெடுநாள் நோயுற்று இறந்தோரின் உடல்களே அறுத்தாராயப்பட்டன. அவற்றில் அச்சுரப்பி சுருங்கியிருந்தமையால் நலமான குழந்தையின் இயல்பான சுரப்பி வீங்கியதாகத் தோற்றியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதனைச் சுருக்கப் பல குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு தரப்பட்டது. பிற்காலத்தில் அவர்களிடையே தைராய்டு புற்றுநோய் மிகுந்தது.

படுக்கை நிலை

வாந்தி மூச்சுக்குழலை அடைக்கும் என்னும் அச்சத்தால், குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்குமாறு 1950களின் பிற்பகுதியிலிருந்து குழந்தை வளர்ப்பு நூல்கள் அறிவுறுத்தலாயின. பெஞ்சமின் இசுபாக்கின் புகழ்பெற்ற நூலும் அவற்றுள் ஒன்று. ஆங்காங்கில் குழந்தைகளை மல்லாத்திப் படுக்கவைத்தல் மரபென்பதையும், அங்கு இவ்விறப்பு அரிதென்பதையும் 1985இல் டேவீசு எடுத்துக்காட்டினார். ஆசுதிரேலியாவில் சூசன் பீல் குழந்தையை இழந்தோரின் இல்லங்களுக்கு நேரில் சென்று தரவு திரட்டினார். இங்கிலாந்தில் பீட்டர் பிளெமிங் குழுவினர் இறந்த குழந்தைகளையும் அதே வயதில் வாழும் குழந்தைகளையும் ஒப்பிட்டு 1990இல் குப்புற நிலையின் இடரை உறுதிப்படுத்தினர். நெதர்லாந்து 1987இலும், பிரித்தானியா 1991இலும், அமெரிக்கா 1992இலும் அறிவுரையை மாற்றின. அமெரிக்காவில் ஆயிரம் பிறப்புக்கு 1.2ஆக 1992இல் இருந்த இறப்பு 2001இல் ஏறத்தாழ 0.56ஆகக் குறைந்தது.

எனினும், 1970ஆம் ஆண்டு வரையிலான சான்றுகளை முறையாகத் தொகுத்திருந்தாலே இவ்விடர் புலப்பட்டிருக்கும் என 2005இல் ரூத் கில்பர்ட் குழுவினர் காட்டினர். பிரித்தானியாவில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் காத்திருக்கக்கூடும் என்பது அவர்தம் மதிப்பீடு.

பழியின் மீள்வரவு

1999இல் இங்கிலாந்தில் இரு குழந்தைகளை இழந்த சாலி கிளார்க் கொலைக்குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஒரே குடும்பத்தில் இயற்கையாக இருமுறை இவ்வாறு நேர 7.3 கோடியில் ஒரு வாய்ப்பே உண்டு எனச் சான்றுரைக்கப்பட்டது. இரு இறப்புகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை எனக் கொண்டு பெருக்கிய பிழைக் கணக்கு இது. மரபணுவும் சூழலும் உடன்பிறந்தார்க்குப் பொதுவாதலின் அக்கொள்கை பொருந்தாது. 2003இல் அவர் விடுவிக்கப்பட்டார், 2007இல் மறைந்தார். சாலமோன் காலத்துப் பழி எண்களின் வடிவில் மீண்டது எனலாம்.

இன்றைய விளக்கம்

1994இல் பிலியானோ, கின்னி ஆகியோர் முக்காரணக் கொள்கையை முன்வைத்தனர். உடலில் மறைந்துள்ள குறை, முதல் ஆறு மாத வளர்ச்சிப் பருவம், புறத்தூண்டல் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும்போது இறப்பு நேர்கிறது என்பது இதன் சாரம். 2006இல் வெளியான ஆய்வு, இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில் செரோட்டோனின் அமைப்பு மாறுபட்டிருந்தமையை வெளிப்படுத்தியது. மூச்சுத் திணறும்போது விழித்தெழச் செய்வதில் இவ்வமைப்பிற்குப் பங்குண்டு.

முடிவுரை

காரணம் அறியப்படாத இடத்தை அவ்வக்காலத்து ஒழுக்க நோக்கும் மருத்துவக் கொள்கையும் நிரப்பி வந்தமை மேற்கண்டவற்றால் பெறப்படுகிறது. அவற்றின் சுமையைத் தாயரும் குழந்தைகளுமே தாங்கினர். உடலினுள் உள்ள காரணம் முற்றும் தெளியும் முன்னரே, இறந்தோரையும் வாழ்வோரையும் ஒப்புநோக்கிய எளிய முறை பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. சான்றைத் திரட்டுவதோடு அதனை உரிய காலத்தில் தொகுத்து நோக்குதலும் ஆய்வறம் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.