வெள்ளலூர்க் காசும் இஸ்லாமிய தீனாரும்

நமது கோவை மாநகரை ஒட்டி நொய்யலாற்றங்கரையில் அமைந்துள்ள வெள்ளலூரில், 1842-ஆம் ஆண்டு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட உரோமானிய வெள்ளிக் காசுகள் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டன. பின்னரும் அங்கே புதையல்கள் கிடைத்தன. படியூரின் மணிக்கற்களுக்காகவும், கொடுமணலில் பட்டை தீட்டப்பட்ட மணிகளுக்காகவும், மேலைக்கடற்கரையின் மிளகுக்காகவும் கடல் கடந்து வந்த செல்வம் அது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று உரோமானிய அறிஞர் பிளினி அக்காலத்திலேயே அங்கலாய்த்திருக்கிறார்.

காசு என்பது பண்டமாற்றுக் கருவி மட்டுமன்று. ஆட்சியாளரின் அறிவிப்புப் பலகையும் அதுவே. தங்கத்திலும் வெள்ளியிலும் ஒரே உருவங்கள் பொறிக்கப்பட்டன. அகஸ்டஸின் காசில் அவருடைய தத்துப் புதல்வர் இருவர் கேடயமும் ஈட்டியுமாக நிற்கின்றனர். அரசுக்கு வாரிசு உண்டு என்பது அதன் பொருள். திபேரியஸின் காசில், கோலும் கிளையும் ஏந்திய பெண் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். அமைதியின் உருவம் என்பர் சிலர். அரசரின் தாயார் லிவியா என்பர் வேறு சிலர். அரசர் தலையைச் சுற்றிலுமோ, அவர் 'தெய்வமாகிய அகஸ்டஸின் மகன்' என்ற வாசகம் இருக்கிறது. மனிதனைத் தெய்வமாக்கும் ஷிர்க், கைக்குக் கை மாறும் பணத்திலேயே பதிந்திருந்தது.

1898-இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டுள்ளது. உருவ வெறுப்பே காரணம் என்று கொள்வது பொருந்தாது. இதே இந்தியாவில் அத்தகைய காசுகளைத் துளையிட்டு மக்கள் அணிகலனாகவும் பூண்டிருக்கின்றனர். இனி இது நாணயமன்று, வெறும் பொன்னே என்று காட்டும் அடையாள வெட்டாக அது இருக்கலாம் என்னும் ஆய்வாளர் கருத்தே ஏற்புடையது.

'தினாரியஸ்' என்ற அந்த வெள்ளிக் காசின் பெயரே பிற்காலத்தில் தங்கக் காசுக்கு ஏறி, 'தீனார்' என அரபியில் வழங்கியது. திருக்குர்ஆனில் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் அச்சொல் இடம்பெறுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் அரபு நாட்டில் புழங்கியவை கிழக்கு உரோமானியரின் தங்கக் காசுகளும் பாரசீகரின் வெள்ளிக் காசுகளுமே. உமைய்யா கலீஃபா அப்துல் மலிக் அவர்கள் ஆட்சியில் முதலில் உரோமானியக் காசின் சிலுவையிலிருந்து குறுக்குச் சட்டம் மட்டும் நீக்கப்பட்டது. பின்பு ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696-97) உருவங்கள் அனைத்தும் அகன்றன. ஒருபுறம் கலிமா, மறுபுறம் அல்லாஹ் எவரையும் பெறவில்லை, எவராலும் பெறப்படவுமில்லை எனச் சாற்றும் இக்லாஸ் அத்தியாய வசனங்கள்! 'தெய்வத்தின் மகன்' என்ற பழைய வாசகத்திற்கு நேரெதிரான முழக்கம் இது.

அந்த தீனாரின் எடை சுமார் 4.25 கிராம். தங்கத்திற்கு ஜகாத் கடமையாகும் இருபது தீனார் அளவை இதைக்கொண்டே 85 கிராம் எனக் கணக்கிடுகின்றனர். நம் நாட்டு ஆலிம்கள் பலர் கூறும் ஏழரைத் தோலா, அதாவது 87.48 கிராம், என்னும் அளவு இந்நாட்டு எடைமுறைப்படி வந்தது.