கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலின் ஒரு பரிசளிப்பு விழா

ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது நம் சங்கச் செயலாளர் ஒரு தடித்த உறையை நம் மேஜைமீது வைத்துவிட்டுப் போவது வழக்கம். காலனிக் குழந்தைகளின் மதிப்பெண் பட்டியல்கள் அதனுள் இருக்கும். சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய கை என்பதனாலோ என்னவோ, பரிசுக்குரியோர் பெயர்களை வகுப்பு வாரியாக எழுதி, கூட்டலைச் சரிபார்த்து, விழா மேடையில் வாசிக்கும் பணி பல ஆண்டுகளாக நம்மையே சேர்ந்திருக்கிறது. பெற்றோரின் முகம் மலர்வதைக் காண்பதற்காகவே இப்பணியை நாம் விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

சென்ற ஆண்டு அப்பட்டியலை வாசிக்கையில் நம் மனத்தில் ஒரு முள் தைத்தது. விழா மேடையின் பின்திரையில் ஒரு கோபுரமும் தெப்பக்குளமும் வரையப்பட்டிருந்ததை அன்பர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். வந்திருந்த தலைவர்கூட அதைச் சுட்டிப் பாராட்டினார். அதை வரைந்தவன் நம் காலனிச் சிறுவன்தான். ஆனால் அவ்வாண்டு அவன் ஒரு பாடத்தில் தேறவில்லை. ஆகவே நம் பட்டியலில் அவனுக்கு இடமில்லை. அவன் தந்தை நம்மோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். "பையன் எங்கே?" என்று கேட்டோம். "பேர் வாசிக்கிற இடத்தில் அவனுக்கு என்ன வேலை சார்? பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கிறான்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தணிந்த குரலில் சொன்னார். அதுதான் நம்மை அதிகம் வருத்தியது.

அன்றிரவு நம் நினைவுக்கு வந்தது 1904-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் நடந்த வேறொரு பரிசளிப்பு விழா. அன்று பரிசு பெற்றவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவர் பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. எனினும் அவரைச் சீமைக்குப் போன மேதையாகவே நாம் அறிவோமே அன்றி, ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டிறுதிச் செய்தியில் இடம்பெற்ற மாணவராக எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தப் பள்ளி என்ன செய்தது, அதன்பின் வந்த கல்லூரிகள் என்ன செய்தன என்பதைச் சற்று விரித்து எழுதுவதே நம் நோக்கம்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தையார் ஒரு புடவைக் கடையில் குமாஸ்தா. மாதம் சுமார் 20 ரூபாய் வருமானம். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனைப் பாடல் பாடிச் சிறிது பொருள் ஈட்டினார். அதுவும் போதாமல், வெளியூரிலிருந்து வந்து கல்லூரியில் படித்த மாணவர் இருவரை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். மாதச் சம்பளத்தை எண்ணிப் பார்த்துச் செலவிடும் நம் வீடுகளுக்கும் அந்த வீட்டுக்கும் அதிக தூரமில்லை.

1897 நவம்பரில் நடந்த தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார் இராமானுஜன். ஆங்கிலம், தமிழ், பூகோளம், கணக்கு ஆகியவை அத்தேர்வின் பாடங்கள். மாவட்ட முதல்வர் என்ற பெருமை பெற்ற அச்சிறுவர் கணக்குத் தாளில் 45-க்கு 42 எண்கள் வாங்கி, உடன் படித்த தோழர் 43 வாங்கிவிட்டார் என்பதற்காக அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினாராம். ஒரு மார்க்குக்காக நம் வீட்டுப் பிள்ளைகள் செய்யும் அமர்க்களத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் தாய்மார்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

அத்தேர்வின் பயனாக அவருக்கு டவுன் ஹைஸ்கூலில் அரைச் சம்பளச் சலுகை கிடைத்தது. 1864-இல் தொடங்கப்பெற்ற அப்பள்ளியில் 1898 ஜனவரியில் அவர் சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் படித்தார். அங்கே அவருக்கு நன்மதிப்புச் சான்றிதழ்களும், ஆங்கிலக் கவிதை நூல்களும் பரிசாகக் கிடைத்தன. கணக்குப் புலிக்குக் கவிதைப் புத்தகம் கொடுத்ததைப் பற்றி நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் நம் சங்கமும் ஆண்டுதோறும் யாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்தான் கொடுக்கிறது.

பள்ளியில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம்மைப் போன்ற எழுத்து வேலைக்காரர்களுக்குச் சுவையானது. அக்காலத்தில் அப்பள்ளியில் ஏறத்தாழ 1,200 மாணவர்களும் சுமார் முப்பத்தைந்து ஆசிரியர்களும் இருந்தனர். இத்தனை பேரையும் எந்த வகுப்பில், எந்த மணியில், எந்த ஆசிரியரிடம் அமர்த்துவது என்று அட்டவணை போடுவது மூத்த கணித ஆசிரியரான கணபதி சுப்பையரின் பொறுப்பு. அவர் அந்தச் சிக்கலை இராமானுஜனிடம் கொடுத்துவிடுவார்; இராமானுஜனும் போட்டுக் கொடுத்துவிடுவார். ரயில் நேர அட்டவணை தயாராவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கடுமை தெரியும். ஒரு வண்டியை நகர்த்தினால் ஒன்பது வண்டி இடிக்கும். அந்த வேலையை ஒரு பள்ளி மாணவரிடம் நம்பி ஒப்படைத்த ஆசிரியரின் பெருந்தன்மையையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் வழியாக லோனி என்பார் எழுதிய திரிகோணமிதி நூல் அவர் கைக்கு வந்தது. பதின்மூன்று வயதுக்குள் அதைக் கரைத்துக் குடித்துவிட்டார். தேர்வுத் தாள்களைப் பாதி நேரத்தில் முடித்துவிடுவார். 1903-இல் கார் என்பாரின் கணிதத் தொகுப்பு நூல் கிடைத்தது. அதில் ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகள் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விரிவான நிரூபணம் இல்லை. நிரூபணம் இல்லாததே அவருக்கு அழைப்பாகிவிட்டது. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். அப்பழக்கம் அவரை விடவேயில்லை. அவரை உயர்த்தியதும், கல்லூரியில் வீழ்த்தியதும் அதுதான்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறி, 1904-இல் டவுன் ஹைஸ்கூலைவிட்டு வெளியேறும் சமயத்தில் அவருக்குக் கணிதத்துக்குரிய கே. ரங்கநாத ராவ் பரிசு வழங்கப்பட்டது. தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் கூடியிருந்தோருக்கு அவரை அறிமுகப்படுத்திப் பேசினார். நூற்றுக்கு நூறு என்பது இந்த மாணவருக்குப் போதாது, முடியுமானால் அதற்கும் மேல் அளிக்கப்பட வேண்டியவர் என்ற கருத்தில் அவர் கூறினார். அக்காலத்துத் தலைமையாசிரியர்கள் பாராட்டில் எவ்வளவு சிக்கனமானவர்கள் என்பதை நம் தகப்பனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அத்தகைய ஒருவர், மதிப்பெண் வழங்குவதையே தொழிலாகக் கொண்டவர், தம் கையிலுள்ள அளவுகோல் இந்த மாணவருக்கு எட்டவில்லை என்று சபையில் ஒப்புக்கொண்டார். டவுன் ஹைஸ்கூலின் சாதனை இராமானுஜனுக்குப் பரிசு கொடுத்தது அன்று. எந்தப் பள்ளியும் அதைச் செய்திருக்கும். அளவுகோலின் குறையை அறிந்திருந்ததே அதன் சாதனை என்று நாம் கருதுகிறோம்.

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தபோது ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சிறந்தோர்க்குரிய சுப்பிரமணியம் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்திருந்தது. வகுப்பில் எந்தப் பாடம் நடந்தாலும் அவர் கணிதத்தையே எழுதிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் தவறினார், உபகாரச் சம்பளம் போயிற்று. கல்லூரிச் சம்பளமோ ஒரு பருவத்துக்கு 32 ரூபாய், அதாவது தந்தையாரின் ஒன்றரை மாதச் சம்பாத்தியம். கோமளத்தம்மாள் நேரே கல்லூரி முதல்வரிடம் சென்று தம் மகனுக்காக வாதாடினார். முதல்வர் மரியாதையாகப் பேசி, விதியைச் சுட்டிக்காட்டி மறுத்துவிட்டார். விதியை எழுத்துப்படி நடத்துவோரைக் குறைசொல்ல நமக்கு நா எழவில்லை. நாமும் தினமும் அதைத்தான் செய்கிறோம். ஆயினும் அந்த அம்மையார் கல்லூரிப் படியிறங்கி வீடு திரும்பிய நடையை நினைத்தால் மனம் கனக்கிறது.

1905 ஆகஸ்டு மாதத்தில் இராமானுஜன் வீட்டைவிட்டுப் புறப்பட்டு விசாகப்பட்டினம் போய்விட்டார். அவரைக் காணவில்லை என்ற செய்தி செப்டம்பர் 2-ஆம் நாள் 'ஹிந்து' பத்திரிகையில் வெளிவந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு முன் மாவட்ட முதல்வராகப் பேசப்பட்ட பெயர் இப்போது காணாமற்போனோர் செய்தியில் வந்தது. திரும்பி வந்தபின் 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். அங்கும் அதே கதைதான். கணிதத்தில் எவரும் கிட்ட நெருங்க முடியாது. உடலியல் பாடத்திலோ பத்துக்குமேல் எண்கள் வருவதில்லை. எப்.ஏ. தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தேறியாக வேண்டும் என்பது விதி. 1907 டிசம்பரில் கடைசி முறையாக எழுதினார், தேறவில்லை.

பிறகு சில ஆண்டுகள் வறுமை. நோட்டுப் புத்தகங்கள் மட்டும் நிறைந்துகொண்டே வந்தன. 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர், நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவ் ஆகியோர் அந்நோட்டுகளைப் பார்த்தார்கள். தேர்வு முடிவைப் பார்க்கவில்லை. 1911-இல் அவருடைய முதல் கட்டுரை கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று.

1912 பிப்ரவரியில் சென்னைப் போர்ட் டிரஸ்டில் குமாஸ்தா வேலைக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு நெருக்கம் தோன்றும். தாம் மெட்ரிகுலேஷன் தேறியவர், எப்.ஏ. வரை படித்தவர், சில சூழ்நிலைகளால் மேலே தொடர இயலவில்லை, காலமெல்லாம் கணிதத்திலேயே செலவிடுகிறவர் என்று அதில் தெரிவித்திருந்தார். இதே போன்ற வாக்கியங்களை நாமும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறோம், அந்தக் கடைசிப் பகுதி ஒன்று நீங்கலாக. மார்ச் 1-ஆம் நாள் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. தாள் வாங்க வசதியின்றித் துறைமுகத்தில் கிடந்த சிப்பக் காகிதத்தைப் பொறுக்கி அதில் கணக்கு எழுதினார் என்று உடன் இருந்தோர் கூறியுள்ளனர். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவராக அமைந்தது அவருடைய நற்பேறு.

1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு எழுதிய கடிதமும், அதன்பின் நடந்தவையும் யாவரும் அறிந்தவை. அறியாத ஒன்றை மட்டும் சொல்லிக் கடக்கிறோம். அவ்வாண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கென அமைந்த தொகை அது. எப்.ஏ. தேறாதவருக்காக விதியைத் தளர்த்தினார்கள். கும்பகோணத்தில் கோமளத்தம்மாள் கேட்டதும் ஏறக்குறைய அதைத்தான். கிடைக்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையில் மறைந்தபோது வயது 32. இடையில் வீணான ஆண்டுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று எண்ணினாலும், கணக்கெழுதும் கை கூட்டிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு, பாடத்தில் தவறிய பிள்ளைகளெல்லாம் இராமானுஜன்கள் என்று நாம் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். தவறியவர்களில் பெரும்பாலோர் படிக்காததனால்தான் தவறுகிறார்கள். நம் வீட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. நாம் கேட்பது வேறு. அச்சிறுவன் கோபுரம் வரைந்தான் என்பது ஓர் உண்மை. ஒரு பாடத்தில் தேறவில்லை என்பதும் ஓர் உண்மை. நம் பட்டியலில் ஒன்றுக்குத்தான் கட்டம் இருக்கிறது. மற்றதற்கும் ஒரு கட்டம் போடலாமே என்று இவ்வாண்டு செயற்குழுவில் எழுத்து மூலம் தெரிவித்தோம். படத்துக்கும் பாட்டுக்கும் பரிசு கொடுக்கத் தொடங்கினால் செலவு கட்டாது என்று ஓர் அன்பர் கூறினார். அவர் சொல்வதும் முற்றிலும் தவறில்லை. டம்ளர் வேண்டாம், பெயரை மட்டும் வாசிப்போம் என்றோம். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். பையன் இவ்வாண்டு அப்பாடத்தில் தேறிவிட்டான், சுமாரான எண்கள்தாம். இவ்வாண்டுத் திரையையும் அவன்தான் வரைகிறான். கோபுரம் வேண்டாம், கல்லணை போடுகிறேன் என்கிறான்.

கோடை விடுமுறையில் பாஸ் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. மயிலாடுதுறைக்கும் தஞ்சாவூருக்கும் இடையே கும்பகோணத்தில் இறங்கினால் சாரங்கபாணி சன்னதித் தெருவில் அந்த வீட்டைக் காணலாம். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கி 2003 முதல் நினைவில்லமாகக் காத்துவருகிறது. சிறிய ஓட்டு வீடு; தெருவைப் பார்த்த ஒரு சன்னல். டவுன் ஹைஸ்கூலும் அதே ஊரில் இன்றும் நடக்கிறது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் வீட்டோடு நின்றுவிடாமல் பள்ளியின் வாசலையும் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.