நுண்பொருளின் தடிப்பை அளந்த வரலாறு

கண்ணுக்குப் புலனாகாத பொருளைப் பெருக்கிக் காண்பது ஒரு கலை. அதன் தடிப்பை அளந்து கூறுவது வேறொரு கலை. முன்னதைக் கற்ற மனிதன் பின்னதில் தேர்ச்சி பெற நெடுங்காலம் ஆயிற்று.

ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த துணி வணிகர் லீவன்ஹூக் (1632-1723), தாமே செய்த கண்ணாடி வில்லைகளின் வழியே செங்குருதி அணுக்களைக் கண்டார். அவற்றின் சிறுமையை உணர்த்த மணல் துகளையும் தலைமயிரையும் அளவாகக் கொண்டார். ஆனால், மணலுக்கு மணல் பருமன் வேறுபடும் அன்றோ?

இக்குறையைப் போக்கும் வழியை 1718இல் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் ஜூரின் கண்டார். மெல்லிய வெள்ளிக் கம்பியை ஓர் ஊசியின்மீது இடைவெளியின்றிச் சுற்றினார். குறித்த நீளத்தில் எத்தனை சுற்றுகள் அடங்கின என எண்ணி, ஒரு கம்பியின் தடிப்பைக் கணக்கிட்டார். பின்னர் அக்கம்பித் துண்டுகளைக் குருதி அணுக்களோடு நுண்நோக்கியின்கீழ் வைத்து ஒப்பிட்டார். அறிந்த அளவைக் கொண்டு அறியாததை அளக்கும் நெறி இது.

அடுத்த இடர் வெட்டுமுகத்தில் எழுந்தது. ஒரு பலகையைச் சாய்வாக அறுத்தால், அறுத்த முகம் பலகையின் உண்மைத் தடிப்பைவிட அகன்று தோன்றும். நுண்படலங்களுக்கும் இதுவே விதி. சிறுநீரகத்தில் குருதியை வடிகட்டும் இடத்திலுள்ள அடிப்படலம், வளர்ந்தோரிடத்து ஏறத்தாழ 300 முதல் 400 நானோமீட்டர் தடிப்புடையது. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.) நீரிழிவு நோயில் அப்படலம் தடிக்கும். சாய்வெட்டை உணராது அளந்தால், நலமான படலமும் நோயுற்றதாகத் தோன்றிவிடும். 1979இல் ஜென்சன், குண்டர்சன், ஊஸ்டர்பி என்னும் மூவர் இதற்கு ஒரு முறை வகுத்தனர். படத்தின்மீது கோடுகளை இட்டு, அவை படலத்தைச் சந்திக்கும் இடந்தோறும் செங்குத்தாக அளந்து, சாய்வினால் நேரும் மிகையைக் கணிதத்தால் நீக்குவதே அம்முறை.

கையால் செய்த இவ்வேலையைக் கணினி எளிதாக்கியது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் வேய்ன் ராஸ்பாண்ட் 1987இல் ‘என்.ஐ.எச். இமேஜ்’ என்னும் மென்பொருளையும், 1997இல் ‘இமேஜ்ஜே’ என்பதையும் ஆக்கினார். பின்னதை எவரும் விலையின்றிப் பெறலாம். அதே 1997இல் ஹில்டெபிராண்ட், ரூயெக்செக்கர் இருவரும் மற்றொரு வழி கூறினர். எலும்பினுள்ளே கடற்பஞ்சுபோல் பின்னிக் கிடக்கும் நுண்தூண்களின் முப்பரிமாணப் படத்தில் ஒரு புள்ளியைக் கொள்க. அப்புள்ளியை உட்கொண்டு, தூணுக்குள் முழுதும் அடங்கும் மிகப்பெரிய உருண்டையின் விட்டமே அவ்விடத்துத் தடிப்பாம். பொருள் முழுவதும் படத்தில் இருப்பதால் இங்குச் சாய்வெட்டுக்கு இடமில்லை.

எனினும், படத்தின் ஒரு புள்ளி எத்தனை நானோமீட்டர் என்பதையும், பொருளின் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் மனிதனே வரையறுத்துச் சரிபார்க்க வேண்டும். அவ்விரண்டும் பிழைத்தால், கணினி தரும் எண்கள் அனைத்தும் பிழையே. அன்று வெள்ளிக் கம்பி செய்த பணியை இன்று நுண்கோடுகள் பொறித்த கண்ணாடித் தகடு செய்கிறது. ஜூரின் காட்டிய நெறி மாறவில்லை.