திண்ணைப் பள்ளியும் போர்டுப் பள்ளியும்

தமிழகச் சிற்றூர்களின் பழைய, புதிய பள்ளிகளை ஒப்பிடப் புகுவார் முதற்கண் நோக்கத்தக்கது, சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பாகும். 1826-இல் அவர் வரைந்த குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர். அவருட் பெண்கள் 4,540 பேரே.

திண்ணைப் பள்ளியில் சிறுவர் மணலில் எழுதிப் பழகிப் பின்னர் ஓலைக்கு வந்தனர். ஆத்திசூடியும் எண்சுவடியும் மனப்பாடமாயின. சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்தான். ஆசிரியர்க்குப் பெற்றோரே காசும் நெல்லும் அளித்தமையின், ஊர்க்கணக்கிற்கு வேண்டிய கல்வி அங்குச் சிறந்து நின்றது. 1884-ஆம் ஆண்டுத் தலவாரியச் சட்டத்தின்கீழ் நடைபெற்ற போர்டுப் பள்ளியோ பொதுப்பணத்தால் இயங்கியது. அச்சுநூலும், வகுப்புமுறையும், ஆய்வாளர் மேற்பார்வையும் அதன் இயல்புகள்.

மன்றோ காலத்து ஆவணங்களைத் தரம்பால் 1983-இல் நூலாக வெளியிட்டபின், பழைய முறையே மேம்பட்டது என்பார் கூற்று வலுப்பெற்றது. தமிழ் மாவட்டங்களில் மாணாக்கருட் பெரும்பாலோர் அந்தணரல்லாதார் என்பது அவ்வாவணங்களாற் பெறப்படும். இதனை யாமும் உடன்படுகிறோம். ஆயினும் திண்ணை என்பது ஒருவர் வீட்டின் பகுதி; அதில் யார் அமரலாம் என்பதை அவ்வீடும் தெருவுமே வரையறுத்தன. சேரிப் பிள்ளைகள் அங்கு உரிமை கோர வழியில்லை. போர்டுப் பள்ளி அக்கிரகாரத்திலோ ஊர்த்தெருவிலோ அமைந்தவிடத்தும் அவர்கள் தடுக்கப்பட்டனர். எனினும், பொதுப்பணத்தில் நடப்பதாதலின், அத்தடையை எதிர்த்து முறையிட இடமிருந்தது.

ஆகவே, பள்ளிகளின் தொகையை மட்டும் எண்ணி ஒப்பிடுதல் போதாது. வாயிலில் நிறுத்தப்பட்ட பிள்ளை யாரிடம் முறையிடக்கூடும் என்பதும் உடன் ஆராயத்தக்கது என்பதே எம் துணிபு.