ரோமுக்கும் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் நடுவே: பல்கேரிய மன்னர் போரிஸின் மதமாற்றம்

கி.பி. 852இல் பல்கேரியாவின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற போரிஸின் கீழ், ஒரே நிலத்தில் வெவ்வேறு மொழியும் வழிபாடும் கொண்ட இரு மக்கள் வாழ்ந்தனர். கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளிலிருந்து வந்து, ஏறத்தாழ 681இல் டான்யூப் ஆற்றுக்குத் தெற்கே அரசு நிறுவிய பல்கர்கள் துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசிய குதிரைவீரர்கள். அவர்களுக்கு முன்பே அங்கே குடியேறி உழவு செய்துவந்த ஸ்லாவியர்களோ எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். கான் எனப்பட்ட மன்னரும் பொயார் எனப்பட்ட உயர்குடிப் பெருமக்களும் பழைய தெய்வ வழிபாட்டையே தம் அதிகாரத்தின் அடிப்படையாகக் கொண்டிருந்தனர். கிறித்தவம் அந்நாட்டுக்குப் புதிதன்று எனினும், எல்லைக்கு அப்பால் இருந்த பைசாந்தியப் பேரரசின் மதம் என்பதால் அது ஐயத்துடனேயே பார்க்கப்பட்டது. அரச குடும்பத்தில் பிறந்து கிறித்தவத்தைத் தழுவிய என்ராவோதா என்பவர் அதற்காகவே கொல்லப்பட்டார்.

போரிஸின் மனமாற்றத்துக்குக் காரணமாகப் பிற்கால நூல்கள் பல கதைகளைச் சொல்கின்றன. இறுதித் தீர்ப்பின் காட்சியைத் தீட்டிய ஓர் ஓவியத்தைக் கண்டு அவர் நடுங்கினார் என்பது அவற்றுள் ஒன்று. நிகழ்ச்சிகளின் வரிசையைப் பார்க்கும்போது அரசியல் நெருக்கடியே முன்னிற்கிறது. கிழக்குப் பிராங்கிய மன்னர் லூயியுடன் போரிஸ் கூட்டணி அமைக்க, அக்கூட்டணியால் அச்சுறுத்தப்பட்ட மொராவியா பைசாந்தியத்தை நாடியது. பல்கேரியா பஞ்சத்தில் வாடிய வேளையில் பைசாந்தியப் படை எல்லைக்கும் கப்பற்படை கருங்கடல் கரைக்கும் வந்து நின்றன. போரிஸ் சமாதானம் கேட்டு, 864 வாக்கில் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வந்த குருமாரிடம் திருமுழுக்குப் பெற்றார். பேரரசர் மூன்றாம் மிக்கேலே ஞானத்தந்தை என்பதால், அவர் பெயரையே தம் கிறித்தவப் பெயராக ஏற்றார்.

இந்த உறவில் ஆபத்து ஒன்று இருந்தது. ஞானத்தந்தையாகிய பேரரசருக்கு மன்னர் ஞானமகன் ஆகிறார். நாட்டின் குருமார் அனைவரும் அப்பேரரசரின் தலைநகரில் இருக்கும் முதுபெரும் தந்தைக்கு, அதாவது கீழைத் திருச்சபையின் தலைமை ஆயருக்குக் கட்டுப்பட்டவர்கள் ஆகின்றனர். இதைப் பொயார்களும் உணர்ந்திருந்தனர். நாட்டின் பத்துப் பகுதிகளிலிருந்தும் திரண்ட கலகக்காரர்கள் அரண்மனையைச் சூழ்ந்தபோது, போரிஸ் சிறுபடையுடன் அவர்களை முறியடித்து, பொயார்கள் 52 பேரைக் கொல்வித்தார். சாதாரண மக்களை மன்னித்து விடுவித்தார். கொல்லப்பட்டவர்களோடு அவர்களுடைய பிள்ளைகளும் மாண்டனர். கலகத்தில் எப்பங்கும் இல்லாத குழந்தைகளைக் கொன்றது பாவம் என்று போப் நிக்கோலஸ் பின்னர் வெளிப்படையாகவே எழுதினார். போரிஸைப் புனிதர் என்று போற்றும் எவரும் இந்தக் குருதியைக் கடந்துபோக முடியாது.

கான்ஸ்டாண்டிநோபிளின் முதுபெரும் தந்தை போத்தியஸ் போரிஸுக்கு எழுதிய நீண்ட மடல், பொதுச்சங்கங்களின் கோட்பாடுகளையும் நல்லரசருக்குரிய இலக்கணத்தையும் உயர்ந்த கிரேக்க நடையில் விரித்துரைத்தது. போரிஸுக்குத் தேவைப்பட்டவையோ வேறு. கிரேக்கரும் ஆர்மீனியரும் பிறரும் நாட்டுக்குள் வந்து ஆளுக்கொன்றாகப் போதித்துக்கொண்டிருந்தனர். தம்மைக் குரு என்று பொய் சொல்லிப் பலருக்குத் திருமுழுக்கு அளித்த கிரேக்கர் ஒருவரின் மூக்கையும் காதுகளையும் அறுத்துத் துரத்தியிருந்தனர். தனித் திருச்சபைத் தலைவர் ஒருவரைத் தர கான்ஸ்டாண்டிநோபிள் முன்வராத நிலையில், போரிஸ் 866இல் போப்பிடம் தூதரை அனுப்பினார். அவர் எழுதிய கேள்விகள் அழிந்துவிட்டன. நிக்கோலஸ் அனுப்பிய 106 மறுமொழிகள் இன்றும் உள்ளன.

ஒரு சமூகம் தன் அன்றாட வாழ்வை முழுவதுமாகத் தூக்கி ஒருவர் முன்வைத்து, இவற்றுள் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று கேட்ட அரிய ஆவணம் அது. ஆணும் பெண்ணும் காற்சட்டை அணியலாமா? புதன், வெள்ளிக் கிழமைகளில் குளிக்கக் கூடாது என்று கிரேக்கர் சொல்வது சரியா? போரில் கொடியாக ஏந்தும் குதிரைவாலுக்கு மாற்று என்ன? காற்சட்டை மீட்புக்கு இடையூறன்று, விரும்பிய நாளில் குளிக்கலாம், குதிரைவாலுக்கு மாற்றாகச் சிலுவையை ஏந்துக என்பன நிக்கோலஸின் விடைகள். வாளின் மீது ஆணையிடும் வழக்கத்தை விட்டு நற்செய்தி நூலின் மீது ஆணையிடச் சொன்னார். மன்னர் தம் மனைவியைக்கூட அருகில் அமர்த்தாமல் தனியே உண்ணும் முறை நம்பிக்கைக்கு விரோதமன்று என்றாலும் நற்பண்புக்கு ஒவ்வாதது என்றார். திருடரென ஐயுற்றவரைத் தலையில் அடித்தும் விலாவில் இரும்பால் குத்தியும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதை இறைச்சட்டமும் மனிதச் சட்டமும் ஏற்பதில்லை என்று அவர் எழுதிய பகுதி, ஒன்பதாம் நூற்றாண்டின் எந்த நூலோடு ஒப்பிட்டாலும் தலைநிமிர்ந்து நிற்பது.

இவற்றுக்கு நடுவே, பல்கேரியாவுக்கென முதுபெரும் தந்தை ஒருவரை நியமிக்கலாமா என்ற கேள்வியும் இருந்தது. இப்போதைக்கு ஆயர் போதும், கிறித்தவர் பெருகிய பின் பேராயர் வரலாம் என்று போப் தள்ளிப்போட்டார். தூதராக வந்த ஆயர் போர்மோசுஸைப் பேராயராக்க வேண்டும் என்று போரிஸ் கேட்டதும் மறுக்கப்பட்டது. அடுத்த போப் இரண்டாம் ஹத்ரியானும் போரிஸ் விரும்பியவரைத் தரவில்லை. பொறுமையிழந்த மன்னர் மீண்டும் கிழக்கே திரும்பினார். 870இல் கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கம் முடிந்ததும் பல்கேரியத் தூதர் தம் நாடு எந்தத் திருச்சபைக்கு உரியது என்று கேட்டனர். கீழைத் திருச்சபைகளின் பிரதிநிதிகள், பல்கர்கள் அந்நிலத்தைக் கைப்பற்றியபோது அங்கிருந்த குருமார் யார் என்று வினவி, கிரேக்கர் என்ற விடையைப் பெற்று, ரோமத் தூதர்களின் எதிர்ப்பையும் மீறிக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கே உரியது என்று முடிவு செய்தனர். போரிஸுக்குப் பேராயர் கிடைத்தார். ரோமுக்குப் போன தூது வீணாகவில்லை.

எஞ்சியிருந்தது மொழிச் சிக்கல். வழிபாடு கிரேக்கத்தில் நடந்ததால் குருமாரும் அயலவராகவே இருந்தனர். சிரிலும் மெத்தோடியஸும் ஸ்லாவிய மொழிக்கு எழுத்து வகுத்து, திருமறை நூல்களை அதில் பெயர்த்து மொராவியாவில் பணியாற்றியவர்கள். 885இல் மெத்தோடியஸ் இறந்ததும் அவர்களுடைய மாணவர் அங்கிருந்து விரட்டப்பட்டனர். டான்யூபைக் கடந்துவந்த கிளெமென்ட், நாவும் முதலியோரைப் போரிஸ் ஆர்வத்துடன் வரவேற்று, கிளெமென்டைத் தென்மேற்கே ஒஹ்ரித் வட்டாரத்துக்கு அனுப்பினார். கிளெமென்டிடம் பயின்றோர் 3,500 பேர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. மன்னருடைய செயல்களில் மிக நீண்ட பயன் தந்தது இதுவே.

889இல் போரிஸ் அரியணையை மூத்த மகன் விளதிமிரிடம் விட்டுத் துறவுமடம் புகுந்தார். விளதிமிர் பழைய வழிபாட்டை மீட்கத் தலைப்பட்டபோது, துறவியான தந்தை வெளியே வந்து, மகனின் பதவியைப் பறித்து, கண்களைக் குருடாக்கிச் சிறையிலிட்டார். 893இல் கூட்டிய பேரவையில், கான்ஸ்டாண்டிநோபிளில் கல்வி பயின்ற இளைய மகன் சிமியோன் மன்னரானார். தலைநகர் பிளிஸ்காவிலிருந்து பிரெஸ்லாவுக்கு மாறியது. வழிபாட்டில் ஸ்லாவிய மொழி கிரேக்கத்தின் இடத்தைப் பெற்றது. போரிஸ் மடத்துக்குத் திரும்பி 907 மே 2இல் இறந்தார். பிரெஸ்லாவின் எழுத்தர்கள் கிரேக்க எழுத்துகளைத் தழுவி வளர்த்த சிரிலிக் எழுத்து நாடெங்கும் பரவியது. போரிஸ் போப்பிடம் கேட்டும் பெறாத முதுபெரும் தந்தையின் பதவியைக் கான்ஸ்டாண்டிநோபிள் 927ஆம் ஆண்டு சமாதான உடன்படிக்கையை ஒட்டி ஏற்றுக்கொண்டது.